எம்பிபிஎஸ் படிப்புக்கு நினைவட்டைகள்: முதல் அட்டையிலிருந்து தேர்வு அறை வரை

முதலாண்டின் முதல் உள்தேர்வு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி எளியது. செராட்டஸ் ஆன்டீரியர் தசைக்குப் போகும் நரம்பு எது? முந்தைய நாள் இரவு அந்தப் பக்கத்தை நான்கு முறை படித்திருந்தேன். இடப்பக்கத் தாள், மேலிருந்து மூன்றாவது வரி, மஞ்சள் மை பூசியது என்பது வரை கண்முன் தெரிந்தது. நரம்பின் பெயர் மட்டும் வரவில்லை. தேர்வாளர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, அடுத்த ஆளை வரச் சொல்லுப்பா" என்றார். லாங் தொராசிக் நரம்பு. சி5, சி6, சி7. இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதற்குக் காரணம் பாதி அந்த அவமானம். மறுபாதி, அன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும் நான் எழுதிய முதல் நினைவட்டை: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை.

அதன் பிறகு ஐந்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான அட்டைகள் எழுதினேன். பலவற்றை அழித்தேன். ஒரு கட்டத்தில் 1,800 அட்டைகள் தேங்கி, செயலியைத் திறக்கவே பயந்து மூன்று வாரம் ஓடி ஒளிந்தேன். அந்த அனுபவத்தில் புரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சேர்க்கும் ஒவ்வோர் அட்டையும் ஒரு கடன். இன்று சேர்க்க அரை நிமிடம் ஆகும்; வட்டியை வருகிற மாதங்களின் காலைகள் கட்டும். இந்த வழிகாட்டி முழுவதும், கடனை அளவாக வாங்குவது எப்படி என்பதைப் பற்றியதுதான்.

திரும்பத் திரும்பப் படிப்பது ஏன் ஏமாற்றுகிறது

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு மெதுவாகிறது. மறக்கப்போகும் தருவாயில் ஒரு முறை நினைவுபடுத்திவிட்டால் அடுத்த சரிவு இன்னும் மெதுவாக நடக்கும். இடைவெளிவிட்டு மீட்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை இன்னும் நேரடியானது. ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு பக்கம். ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: படித்தவர்களுக்கு ஏறக்குறைய 42 சதவீதம், நினைவுகூர்ந்தவர்களுக்கு 56 சதவீதம். என் மஞ்சள் மை எனக்குச் செய்த துரோகம் இதுதான். திரும்பப் படிக்கும்போது எழுத்து பழக்கமாகிறது. பழக்கமான முகத்தைப் பார்த்தால் பெயரும் தெரியும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் அட்டைகள் மாயமருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்க மருத்துவ மாணவர்கள் 72 பேரை வைத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், அங்குள்ள முதல் கட்ட உரிமத் தேர்வில் ஒரு மதிப்பெண் கூடுவதோடு தொடர்புடையதாகக் கண்டது 1,700 புதிய அட்டைகள் அல்லது 445 பயிற்சிக் கேள்விகள். இது தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபித்ததாகாது. இருந்தாலும் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்விகள் தீர்ப்பதற்கான நேரத்தை அட்டைகள் தின்றுவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

படி 1: கருவி

காகிதத்திலேயே செய்யலாம். செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பிரபலப்படுத்திய முறைக்கு ஐந்து அறைகள் உள்ள ஒரு செருப்புப் பெட்டி போதும். முதல் அறை தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது நான்கு நாளுக்கு, நான்காவது வாரத்துக்கு, ஐந்தாவது பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். ஐந்நூறு அட்டைகள் வரை இது நன்றாகவே நடக்கும். அதற்கு மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போக முடியாது.

ஆகவே பெரும்பாலோர் வந்து சேரும் இடம் அங்கி என்ற மென்பொருள். டேமியன் எல்ம்ஸ் ஜப்பானிய மொழி கற்பதற்காக எழுதி 2006-இல் வெளியிட்டது. அந்தப் பெயருக்கு ஜப்பானியத்தில் மனப்பாடம் என்று பொருள். தமிழில் எழுதினால் வெள்ளை அங்கியை நினைவுபடுத்துவது நமக்குக் கிடைத்த கொசுறு. கணினியில் இலவசம். ஆண்ட்ராய்டு போனில் அங்கிட்ராய்டு என்ற செயலியும் இலவசம். ஐபோனுக்கான செயலிக்கு ஒரு முறை பணம் கட்ட வேண்டும். கட்ட விருப்பமில்லை என்றால் அங்கிவெப் தளத்தை உலாவியில் திறந்து பயன்படுத்தலாம். அங்கி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு மாதச் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் கடைகளில் உண்டு. அவை இதுவல்ல.

அங்கிவெப்பில் ஒரு கணக்குத் தொடங்கி, கணினியையும் போனையும் அதே கணக்கில் இணையுங்கள். அட்டை எழுதுவது கணினியில், பார்ப்பது போனில் என்ற பழக்கம் நல்லது. இரண்டுக்கும் இடையே முரண்பாடு வந்தால், மேலே ஏற்றவா, கீழே இறக்கவா என்று மென்பொருள் கேட்கும். நிதானமாகப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். நான் அவசரத்தில் தவறான திசையை அழுத்தி, உயிர்வேதியியலில் இரண்டு நாள் உழைப்பை இழந்தேன். கணினி தானாக எடுத்து வைத்திருந்த காப்புப் பிரதியில் மீட்டிருக்கலாம் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

படி 2: நான்கு அமைப்புகள், அவ்வளவுதான்

அங்கியின் அமைப்புப் பக்கத்தில் மூழ்கி ஒரு வார இறுதியைத் தொலைத்த நண்பர்கள் எனக்கு உண்டு. நான்கை மட்டும் மாற்றினால் போதும்.

ஒன்று, ஓர் அட்டை எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்கும் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற முறையை இயக்குங்கள். 2023-இன் இறுதியில் வந்த 23.10 பதிப்பிலிருந்து இது அங்கிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன்பிருந்த முறை 1987-இல் போலந்துக்காரர் பியோட்ர் வோஸ்னியாக் தம் சூப்பர்மெமோ மென்பொருளுக்கு வகுத்ததன் வழிவந்தது. அதில் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னால் இடைவெளி ஏறக்குறைய 1, 3, 8, 19, 47 நாட்கள் என்று இரண்டரை மடங்காக நீளும். புதிய முறை, நீங்கள் எப்படி மறக்கிறீர்கள் என்பதை உங்கள் பழைய பதில்களிலிருந்தே கணக்கிடுகிறது. மாதம் ஒரு முறை ஆப்டிமைஸ் பொத்தானை அழுத்தினால் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளும்.

இரண்டு, டிசையர்ட் ரிடென்ஷன் என்ற இடத்தில் 0.90 என்று இருக்கும். ஓர் அட்டை திரும்ப வரும்போது 90 சதவீதம் நினைவிருக்க வேண்டும் என்று பொருள். அதை அப்படியே விடுங்கள். டாக்டர் ஆகப்போகிறோம், 95 வேண்டாமா என்று கை துறுதுறுக்கும். 95 ஆக்கினால் இடைவெளிகள் சுமார் பாதியாகச் சுருங்கும். அதாவது அந்த ஐந்து சதவீதத்துக்காகத் தினசரி வேலை ஏறக்குறைய இரட்டிக்கும். பத்தில் ஒன்று மறப்பது இந்த ஏற்பாட்டின் பகுதி.

மூன்று, ஒரு நாளைக்குப் புதிய அட்டை 20 என்பதே ஆரம்ப அமைப்பு. முதல் மாதம் அதை 10 ஆக இறக்குங்கள். நான்கு, ஒரு நாளின் மீள்பார்வை உச்சவரம்பு 200 என்று இருக்கும். அதை 9,999 ஆக்குங்கள். வரம்பு இருந்தால் மீதிக் கடன் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் குவியும். கடன் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பயப்படுவதே மேல்.

இன்னொன்று அமைப்பு அல்ல, கை பழக்கம். அங்கியில் அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்று நான்கு பொத்தான்கள் உண்டு. விடை வரவில்லை என்றால் அகெய்ன் மட்டுமே. "வாய்வரை வந்தது, மருந்தின் முதலெழுத்து தெரிந்தது" என்று சமாதானம் சொல்லி ஹார்டை அழுத்தினால், நீங்கள் சரியாகச் சொன்னதாகவே கணக்கு எடுத்துக்கொள்ளும். முழுக் கணிப்பும் கெடும். நான் அகெய்ன், குட் இரண்டை மட்டுமே பயன்படுத்துகிறேன். மற்ற இரண்டும் இருப்பதையே மறந்துவிட்டேன்.

படி 3: எதை அட்டையாக்கக் கூடாது

புரியாததை அட்டையாக்காதீர்கள். உயிர்வேதியியலில் யூரியா சுழற்சியைப் புரிந்துகொள்ளாமல் அதன் என்சைம்களை அட்டைகளில் ஏற்றிய எனக்கு, மூன்று வாரம் கழித்து ஐந்து என்சைம் பெயர்கள் கையில் இருந்தன. அவை எதற்கு என்பது தெரியவில்லை. வகுப்பு, பாடநூல், ஒரு படம் வரைந்து பார்த்தல், நண்பனுக்குச் சொல்லிப் பார்த்தல், அதன் பிறகே அட்டை. பாடநூலில் ஓர் இயலைப் படிக்கும்போதே பக்கத்தில் அங்கியைத் திறந்து வைக்காதீர்கள். முடித்து, புத்தகத்தை மூடி, ஒரு வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். எது வரவில்லையோ அதற்கு மட்டும் அட்டை. இந்த ஒரு வடிகட்டி என் அட்டைகளைப் பாதியாகக் குறைத்தது.

மூன்று நாளில் வேறு வழியில் தானாகப் பழகிவிடும் விஷயத்துக்கும் அட்டை வேண்டாம். வார்டில் தினமும் பார்க்கும் ரத்த அழுத்த அளவுகளை அட்டையில் ஏற்றுவது, வீட்டு முகவரியை மனப்பாடம் செய்வது மாதிரி.

அட்டைக்கு ஏற்றவை: பெயர்கள், நரம்பு வேர்கள், துளைகளும் அவற்றின் வழியே போவனவும், மருந்தின் வேலையும் பக்கவிளைவும், நோய்க்கிருமியின் தனி அடையாளம், தடுப்பூசி அட்டவணை, மருத்துவச் சட்டப் பிரிவுகள். ஒரு கோட்டில், குழப்பமில்லாத விடை உள்ளவை.

படி 4: அட்டை எழுதும் கலை

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஆரம்பத்தில் நான் எழுதிய ஓர் அட்டையின் முன்பக்கம்: "பிரேக்கியல் ப்ளெக்ஸஸ் காயங்கள்", அதாவது கைக்குப் போகும் நரம்புப் பின்னலின் காயங்கள். பின்பக்கத்தில் பதினான்கு வரி. ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு வரி சொல்வேன், இரண்டு விட்டுப்போகும். சரியா, தவறா? எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பொய்.

அதை இப்போது இப்படி உடைப்பேன்.

முன்: ஹியூமரஸ் எலும்பின் சர்ஜிக்கல் நெக் முறிந்தால் பாதிக்கப்படும் நரம்பு? பின்: ஆக்ஸிலரி நரம்பு.

முன்: ஹியூமரஸின் நடுத்தண்டு முறிந்து, மணிக்கட்டு தொங்குகிறது. எந்த நரம்பு? பின்: ரேடியல் நரம்பு.

முன்: முழங்கையின் உட்புறம், மீடியல் எபிகாண்டைல் முறிவு. எந்த நரம்பு? பின்: அல்நார் நரம்பு.

முன்: எர்ப் வாதத்தில் கை ஏன் உட்புறமாகத் திரும்பிக் கிடக்கிறது? பின்: வெளிப்புறம் திருப்பும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர் தசைகளுக்கு சி5, சி6 வேர்களிலிருந்து வரும் நரம்புத் தொடர்பு அறுந்ததால்.

கடைசி அட்டையைக் கவனியுங்கள். "எர்ப் வாதத்தின் அறிகுறிகள் எவை?" என்ற பட்டியல் கேள்வியை ஒரு "ஏன்" கேள்வி இடம்பெயர்த்துவிட்டது. காரணம் தெரிந்தால் அறிகுறியைக் கட்டிக்கொள்ளலாம். பத்து அட்டைக்குக் குறைந்தது இரண்டு "ஏன்" என்று கேட்கிறதா என்று வாரம் ஒரு முறை பாருங்கள்.

இன்னொரு வகை, பள்ளியில் நாம் எழுதிய கோடிட்ட இடங்களை நிரப்புக. அங்கியில் இதற்கு க்ளோஸ் என்று பெயர். வேகமாக எழுதலாம், அதுவே ஆபத்தும். பாடநூல் வரியை அப்படியே வெட்டி ஒட்டி, ஒரு சொல்லை மறைத்தால், நாளடைவில் மூளை விடையை நினைவு வைக்காமல் வரியின் வடிவத்தை நினைவு வைத்துக்கொள்ளும். வரியைச் சொந்தச் சொற்களில் சுருக்கி எழுதுங்கள். ஒரு வரியில் மறைப்பு ஒன்று அல்லது இரண்டு.

மருந்தியலுக்கு வந்தால் குழப்பமே முதல் எதிரி. காசநோய் மருந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசோநியாசிட் கை, கால் நரம்புகளைப் பாதிக்கும். அதைத் தடுக்க பைரிடாக்சின் கொடுக்கிறோம். எத்தாம்ப்யூட்டால் கண் நரம்பைப் பாதிக்கும். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். பைரசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றும். தனித்தனியாகப் படிக்கும்போது எல்லாம் தெளிவு. மூன்றாம் வாரம் இரண்டு "நரம்பு" மருந்துகளும் இடம் மாறிக்கொள்ளும். அப்போது பழைய அட்டைகளையே திரும்பத் திரும்ப இடிப்பதை விட, இரண்டையும் மோதவிடும் புதிய அட்டை ஒன்று எழுதுங்கள்: "பாதம் எரிகிறது என்பவர் ஒருவர், சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரிகிறது என்பவர் ஒருவர். இருவரும் காசநோய் மருந்து எடுப்பவர்கள். யாருக்கு எந்த மருந்து காரணம்?" குழப்பம் ஓர் அட்டையில் முடிந்துவிடும். நோயாளியின் வாய்மொழியில் கேள்வி இருப்பதால், பின்னாளில் புறநோயாளிப் பிரிவில் அதே சொற்களைக் கேட்கும்போது மருந்தின் பெயர் தானாக வரும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு, தமிழ் வழியில் படித்த பலர் நேராக ஆங்கிலப் பாடநூலுக்குள் விழுகிறார்கள். தேர்வு ஆங்கிலத்தில் என்பதால் விடைச் சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கேள்வியின் சூழலையும், பின்பக்கத்தில் எழுதும் விளக்கத்தையும் தமிழில் எழுதத் தயங்காதீர்கள். "விலா எலும்போடு தோள்பட்டையைப் பிடித்து வைக்கும் தசை, அது செயலிழந்தால் தோள்பட்டை சிறகு மாதிரி எழும்" என்று நான் தமிழில் எழுதி வைத்த ஒரு வரிதான் விங்க்ட் ஸ்கேப்புலாவை எனக்குப் புரியவைத்தது. அட்டையை வேறு யாரும் திருத்தப் போவதில்லை.

சில அட்டைகள் எத்தனை முறை வந்தாலும் தவறும். எட்டு முறை மறந்ததும் அங்கி அதற்கு லீச் என்று முத்திரை குத்தும். ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி! தமிழில் இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது தற்செயல். பொருத்தம் மட்டும் அபாரம். அந்த அட்டையை விரதம் மாதிரி தினமும் தாங்கிக்கொண்டிருக்காதீர்கள். பாடநூலைத் திறந்து மறுபடி படியுங்கள், அட்டையை உடைத்து எழுதுங்கள், அல்லது அழித்துவிடுங்கள். பெரும்பாலும் குற்றம் அட்டையின் வாக்கியத்தில்தான் இருக்கும்.

படி 5: படத்தை மறைக்கும் அட்டை

உடற்கூறியலில் சொற்களால் எழுதும் அட்டை பாதிதான் உதவும். ஒரு படத்தை ஏற்றி, பெயர்களின் மேல் பெட்டி வரைந்து மறைத்து, ஒவ்வொன்றாகக் கேட்கும் வசதி 23.10 பதிப்பிலிருந்து அங்கியிலேயே உண்டு. மண்டையோட்டின் அடிப்பகுதி இதற்கென்றே பிறந்தது: ஃபோராமென் ரொட்டன்டம், ஓவேல், ஸ்பைனோசம், முறையே மாக்ஸிலரி நரம்பு, மான்டிபுலர் நரம்பு, மிடில் மெனிஞ்சியல் தமனி.

பாடநூல் படத்தை விட, சீனியரிடம் வாங்கிய எலும்புத் தொகுப்பை மேசையில் வைத்து நீங்களே எடுத்த படம் நன்றாகப் பதியும். ஸ்பாட் தேர்வில் உங்கள் முன் வைக்கப்படுவதும் வண்ணம் தீட்டாத பழுப்பு எலும்புதான். பிரேதப் பரிசோதனைக் கூடத்திலும் டிசெக்‌ஷன் ஹாலிலும் போனை எடுக்காதீர்கள். உடலைக் கொடுத்தவருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது. நோயாளிகளின் எக்ஸ்ரேயை அட்டையாக்கினால் பெயரும் பதிவு எண்ணும் தெரியாதபடி வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

படி 6: தினசரிக் கணக்கு

தினமும் 20 புதிய அட்டை சேர்த்தால், சில மாதங்களில் ஒரு நாளின் மீள்பார்வை 150 முதல் 200 வரை வந்து நிற்கும். அட்டைக்கு எட்டு விநாடி என்றால் 20 முதல் 27 நிமிடம். தவறுகளையும் கொட்டாவிகளையும் சேர்த்தால் 40 நிமிடம். ஆண்டுக்கு 300 நாள் என்றாலே 6,000 அட்டைகள். முதலாண்டின் மூன்று பாடங்களுக்கு இது தாராளம். ஒரு நாளில் 60 புதிய அட்டை சேர்க்கும் நண்பரைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். இரண்டு மாதம் கழித்து அவருடைய காலையைப் பாருங்கள்.

மீள்பார்வை முதலில், புதியது பிறகு. எனக்கு ஒத்துவந்தது காலை உணவுக்கு முன் 25 நிமிடம். மீதி, மெஸ் வரிசையிலும் பேருந்திலும். இரவுக்குத் தள்ளிப்போட்டவர்கள் அந்த இரவில் வார்டு போஸ்டிங் முடிந்து வந்து படுத்துவிடுவார்கள். ஒரு நாள் விட்டால் மறுநாள் சமாளிக்கலாம். மூன்று நாள் விட்டால் கந்துவட்டி.

மூன்றாமாண்டுக்குப் பிறகு வார்டிலிருந்து அட்டை பிறக்க வேண்டும். பூச்சிமருந்து குடித்து வந்தவரைப் பார்த்த நாளில், முறிமருந்தான அட்ரோபின் கொடுப்பதை எப்போது நிறுத்துவது என்பதை நீங்கள் முடிவெடுக்க முடியாமல் நின்றிருப்பீர்கள். நுரையீரலில் சுரப்பு வற்றுவதைப் பார்க்க வேண்டும், கண்பாவையை மட்டும் நம்பக் கூடாது என்று உதவிப் பேராசிரியர் சொல்லியிருப்பார். அந்த ஒரு வரி ஓர் அட்டை. ஒரு நோயாளிக்கு மூன்று அட்டைக்கு மேல் வேண்டாம்.

படி 7: தேங்கிப் போனால்

எல்லோருக்கும் ஒரு முறை தேங்கும். எனக்கு உள்தேர்வும் காய்ச்சலும் ஒன்றாக வந்தபோது 1,800. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கிறேன் என்று உட்கார்ந்து, 400-இல் கண் எரிந்து மூடினேன். மறுநாள் எண் குறைந்தது மாதிரியே தெரியவில்லை.

சரியான வழி இது. புதிய அட்டையைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த உள்தேர்வுக்கு வேண்டிய பாடத்தைத் தவிர மற்றவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்; அங்கியில் சஸ்பெண்ட் செய்தால் அட்டை அழியாது, வரிசையில் மட்டும் வராது. மீதியைத் தினமும் 150 என்று வைத்துக்கொண்டு தீருங்கள். இந்தக் காலத்துக்கு மட்டும் படி 2-இல் சொன்ன 9,999-ஐ விட்டுவிட்டு உச்சவரம்பை 150 ஆக இறக்கலாம். வரிசையை, நினைவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பவை முதலில் வரும்படி அமைத்தால், காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றிவிடுவீர்கள். முழுக்க மறந்துபோனவை இன்னும் ஒரு வாரம் காத்திருந்தாலும் கெட்டுப்போக ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் ஆசை வரும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

படி 8: பிறர் செய்த தொகுப்புகள்

அமெரிக்க உரிமத் தேர்வுக்காக மாணவர்களே உருவாக்கிய அங்கிங் என்ற தொகுப்பு உலகப் புகழ் பெற்றது. பல்லாயிரம் அட்டைகள், பாட வாரியாக முத்திரையிட்டவை. நோயியல், உடலியங்கியலுக்கு அதை எடுத்தாளலாம். ஆனால் இறக்கியதும் எல்லா அட்டையையும் சஸ்பெண்ட் செய்துவிட்டு, அன்று படித்த தலைப்பின் அட்டைகளை மட்டும் திறந்துவிடுங்கள். முழுத் தொகுப்பையும் திறந்து விட்டால் பிறர் வாங்கிய கடனுக்கு நீங்கள் வட்டி கட்டுவீர்கள்.

நம் பாடத்திட்டத்துக்கு அதில் கிடைக்காதவை நிறைய. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடிகளின் வேறுபாடு, பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி, பிறகு 6, 10, 14 வாரங்கள் என்று போகும் நம் தடுப்பூசி அட்டவணை, சமூக மருத்துவம் முழுவதும், சட்ட மருத்துவம் முழுவதும். இவற்றை நீங்களே எழுத வேண்டும்.

சீனியர் கொடுத்த தொகுப்பாக இருந்தால் சட்ட மருத்துவ அட்டைகளை வரிக்கு வரி பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்றால் பழைய அட்டையில் 304ஏ என்று இருக்கும். இப்போது பிரிவு 106. கொலைக்கான தண்டனை 302 என்பது 103 ஆகிவிட்டது. காவல்துறை பிணவிசாரணை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174; அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. தவறான அட்டை, அட்டை இல்லாததை விட மோசம். அங்கி அதையும் ஆண்டுக்கணக்கில் விசுவாசமாக நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

தேர்வு நெருங்கும்போது

நம் பல்கலைக்கழகத் தேர்வில் நீண்ட விடையும் சிறுகுறிப்பும் எழுத வேண்டும். இங்கேதான் அட்டைக்காரர்கள் சறுக்குகிறார்கள். எல்லாத் துண்டும் தெரியும்; அவற்றை வரையறை, காரணம், நோயுருவாக்கம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை என்று மூன்று பக்கத்தில் கோக்க வராது. கை எழுதிப் பழகவில்லை. தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது புதிய அட்டையை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் தினமும் ஒரு நீண்ட விடையை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, படத்தோடு எழுதிப் பாருங்கள். வைவாவுக்கு அட்டைகளை அறைத்தோழரிடம் கொடுத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் சொல்வதும் வாய்விட்டுச் சொல்வதும் வேறு வேறு என்பது தேர்வாளர் முன் உட்கார்ந்த முதல் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முதுகலை நீட் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே கேள்விவங்கிதான் அச்சாணி. தவறவிட்ட கேள்விக்கு மட்டும் ஓர் அட்டை எழுதுங்கள். கேள்வியை அப்படியே நகலெடுக்காமல், எந்த ஒரு விஷயம் தெரியாததால் தவறினீர்களோ அதை மட்டும்.

முதலாண்டுத் தேர்வு முடிந்த மாலையில் உடற்கூறியல் அட்டைகள் 140 காத்துக்கொண்டிருக்கும். அன்று திறக்காதீர்கள், ஊருக்குப் போங்கள், தூங்குங்கள். திரும்பி வந்ததும் அந்தப் பாடத்தின் தொகுப்புக்கு மட்டும் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கி, 0.90 என்பதை 0.80 ஆக இறக்குங்கள். இடைவெளிகள் இரண்டு மடங்குக்கு மேல் நீளும், தினசரி எண்ணிக்கை வாரக்கணக்கில் மெல்ல வடியும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து அட்டை என்ற அளவுக்கு வந்த பிறகு, நான்காண்டு கழித்து அறுவை சிகிச்சை வகுப்பில் யாராவது செராட்டஸ் ஆன்டீரியரைப் பற்றிக் கேட்பார்கள்.